கன்ட்ரோலர் வேலை செய்யவில்லையா? டிரைவரைத் தேடும் முன்

எங்கள் கடைக்குக் கன்ட்ரோலரைக் கொண்டுவரும் பையன்கள் பெரும்பாலும் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்: “அண்ணே, இதுக்கு டிரைவர் போட்டுக் குடுங்க.” ஆனால் பழுது டிரைவரில் இருப்பது குறைவு. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள், ஆடிப்போன போர்ட், பழைய ஆட்டத்தோடு ஒத்துப்போகாத புதிய கன்ட்ரோலர், எப்போதோ நிறுவிவிட்டு மறந்துபோன மென்பொருள் என்று காரணம் வேறு எங்காவது இருக்கும். அதைப் பார்க்காமல் ‘டிரைவர் டவுன்லோடு’ என்று இணையத்தில் தேடி, முதலில் வந்த தளத்திலிருந்து எதையாவது இறக்கினால் கன்ட்ரோலரும் சரியாகாது, கணினியும் கெடும்.

இந்த அத்தியாயம் முழுவதும் இரண்டு கேள்விகளை வைத்தே நடக்கிறது. கன்ட்ரோலர் விண்டோஸுக்குத் தெரிகிறதா? விண்டோஸுக்குத் தெரிந்தும் ஆட்டத்துக்குத் தெரியவில்லையா? முதல் கேள்விக்கு விடை கிடைக்காமல் இரண்டாவதற்குப் போகக் கூடாது. இரண்டுக்கும் விடை கிடைக்காமல் ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது.

கடைக்கு வருபவர்கள் வாழும் வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி வட்டாரத்து நெசவாளர் வீடுகளில் பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ முழுதாக இருப்பது அரிது. வீட்டில் இருப்பது, 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த மடிக்கணினி. இல்லாவிட்டால் காஞ்சிபுரத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெஸ்க்டாப். கன்ட்ரோலர் மட்டும் தனியாக வந்து சேர்கிறது. சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கலாம், ஆன்லைனில் தள்ளுபடியில் வந்த ரெட்கியர், காஸ்மிக் பைட் வகையாக இருக்கலாம், கன்சோலை விற்றுவிட்ட யாரோ கொடுத்த, பிளேஸ்டேஷனின் பழைய டூயல்ஷாக்காகவும் இருக்கலாம். பெட்டியும் இருக்காது, கையேடும் இருக்காது, கூட வந்த கேபிளும் இருக்காது. இங்கே சொல்வதெல்லாம் அந்த நிலைமையை மனத்தில் வைத்துத்தான்.

கேபிளும் போர்ட்டும்

முதல் சந்தேகம் கேபிள்மீது விழட்டும். யூஎஸ்பி கேபிளுக்குள் குறைந்தது நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜர், பவர் பேங்க், புளூடூத் ஹெட்போன் இவற்றோடு வரும் கேபிள்கள் பலவற்றில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டுமே இருக்கும். அப்படிப்பட்ட கேபிளில் டூயல்ஷாக் 4-ஐச் செருகினால் விளக்கு எரியும், சார்ஜும் ஏறும். கணினியில் மட்டும் ஒரு சலனமும் இருக்காது. செருகும்போது விண்டோஸ் எழுப்பும் ‘டிங்’ ஒலிகூடக் கேட்காது. விளக்கு எரிவதைப் பார்த்து “கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு, டிரைவர்தான் இல்லை” என்று முடிவுகட்டுவது இங்கேதான் நடக்கிறது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. அதே கேபிளில் ஒரு ஆண்ட்ராய்டு போனை இணையுங்கள். போனில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்ற தேர்வு வந்து, கணினியில் போனின் படங்கள் திறந்தால் கேபிள் நல்லது. வெறும் சார்ஜ் அடையாளம் மட்டும் வந்தால் அந்தக் கேபிளைத் தனியாக எடுத்துவைத்து, சார்ஜ் ஏற்ற மட்டும் பயன்படுத்துங்கள். எந்தக் கன்ட்ரோலருக்கு எந்த முனை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 3-இன் கன்ட்ரோலருக்கு மினி யூஎஸ்பி, பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் மைக்ரோ யூஎஸ்பி, பிளேஸ்டேஷன் 5-க்கும் 2020-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும் டைப்-சி.

அடுத்தது போர்ட். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டுகள் உள்ளே மெல்லிய கம்பியில் நீண்டு மதர்போர்டுக்குப் போகின்றன. பழைய கேபினட்டில் அவை தளர்ந்திருக்கும். பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். யூஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

விளையாடும்போது நடுவில் தொடர்பு அறுந்து அறுந்து வருகிறதென்றால், வீட்டின் மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எர்த் சரியில்லாத வீட்டில் டெஸ்க்டாப்பின் இரும்புக் கேபினட்டில் மின்கசிவு தங்கும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் எர்த் வழியாக வெளியேற்ற வேண்டிய சிறு மின்னோட்டத்துக்குப் போக வழியில்லாததே காரணம். கேபினட் ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். அந்த நிலையில் பக்கத்தில் தண்ணீர் மோட்டாரோ விசைத்தறி மோட்டாரோ ஓடத் தொடங்கும்போது எழும் மின் இரைச்சல் யூஎஸ்பி இணைப்பை ஒரு நொடி அறுத்துவிடக்கூடும். மோட்டார் போடும் நேரமும் கன்ட்ரோலர் அறுபடும் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒன்றாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடச் சொல்லுங்கள். அது கன்ட்ரோலருக்காக மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களின் உயிருக்காகவும் செய்ய வேண்டிய வேலை.

டாங்கிள் வைத்த வயர்லெஸ் கன்ட்ரோலர் தடுமாறினால், டாங்கிள் நீலநிற யூஎஸ்பி 3.0 போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி 3.0 இணைப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிளைக் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். அப்படி ஒரு போர்ட் இல்லையென்றால் ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைக் கணினியைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

விண்டோஸுக்குத் தெரிகிறதா?

இதற்கு எந்த மென்பொருளையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ‘ரன்’ பெட்டி வரும். அதில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். விண்டோஸ் 7 ஆனாலும் 11 ஆனாலும் ‘கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்ற சின்னப் பெட்டி திறக்கும். உங்கள் கன்ட்ரோலர் அந்தப் பட்டியலில் இருந்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

பட்டியலில் அதைத் தேர்ந்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ அழுத்துங்கள். ஒரு சதுரத்தின் நடுவே சிறிய கூட்டல் குறி நிற்கும். இடது குச்சியை அசைத்தால் அந்தக் குறி சதுரத்துக்குள் ஓடும். கீழே எண்ணிட்ட சிவப்பு வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு பொத்தானை அழுத்தும்போதும் ஒரு வட்டம் ஒளிர வேண்டும். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எல்லாம் ஒளிர்ந்தால் கன்ட்ரோலர், கேபிள், போர்ட், டிரைவர் நான்குமே நல்லவை. இனி டிரைவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிக்கல் ஆட்டத்தின் பக்கம் இருக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரில் பின்பக்கத்து இரண்டு டிரிக்கர்களும் இந்தப் பெட்டியில் ஒரே பட்டையைத்தான் அசைக்கும். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால் பட்டை நடுவுக்கு வந்துவிடும். பயப்பட வேண்டாம். அது பழுதல்ல, அந்தப் பெட்டி பழைய முறையில் படிப்பதால் வருவது.

பட்டியலில் பெயரே இல்லையென்றால் டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்தால் அந்தப் பெயர் வரும். விண்டோஸ் 7-இல் ‘கம்ப்யூட்டர்’ மீது ரைட் கிளிக் செய்து ‘மேனேஜ்’ வழியாகப் போக வேண்டும். கன்ட்ரோலரைச் செருகி, பிடுங்கி, மறுபடி செருகுங்கள். பட்டியல் ஒவ்வொரு முறையும் துள்ளுகிறதா? துள்ளவே இல்லையென்றால் கேபிளுக்கும் போர்ட்டுக்கும் திரும்புங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதை இரட்டைக் கிளிக் செய்து குறியீட்டு (‘கோட்’) எண்ணைப் படியுங்கள். 43 என்றால் கன்ட்ரோலர் தன்னை யாரென்று விண்டோஸிடம் சொல்ல முடியவில்லை. கேபிளோ போர்ட்டோ கன்ட்ரோலரின் சாக்கெட்டோ கெட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். 28 என்றால்தான் உண்மையிலேயே டிரைவர் இல்லை.

28 வந்தால் என்ன செய்வது? அதே பெட்டியில் ‘டீட்டெயில்ஸ்’ பக்கத்தில் ‘ஹார்டுவேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தால் நீண்ட ஓர் அடையாளம் வரும். அதில் விஐடி என்பதை அடுத்துள்ள நான்கு எழுத்துகள் தயாரித்தவரைக் காட்டும். 045-க்குப் பிறகு ஈ என்ற ஆங்கில எழுத்து வந்தால் மைக்ரோசாஃப்ட். 054-க்குப் பிறகு சி வந்தால் சோனி. 057-க்குப் பிறகு ஈ வந்தால் நிண்டெண்டோ. கன்ட்ரோலரின் மேல் என்ன பெயர் அச்சிட்டிருந்தாலும் இந்த எண்ணையே நம்புங்கள். நகல்கள் சில இதையும் காப்பியடிக்கின்றன, என்றாலும் மேலே அச்சிட்ட பெயரைவிட இது மேல்.

மைக்ரோசாஃப்ட் எண் வந்தால் இதைக் கவனியுங்கள்: எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலருக்கான டிரைவர் விண்டோஸ் 8 முதல் உள்ளேயே இருக்கிறது. 360-இன் வயர்லெஸ் ரிசீவரைப் போலச் செய்த நகல் ரிசீவர்களுக்கு மட்டும் விண்டோஸ் தானாக அதைப் பொருத்தாது. டிவைஸ் மேனேஜரில் ‘அப்டேட் டிரைவர்’, அதில் ‘பிரௌஸ் மை கம்ப்யூட்டர்’, அதில் ‘லெட் மீ பிக்’ என்று போய், ‘எக்ஸ்பாக்ஸ் 360 பெரிஃபெரல்ஸ்’ வகையில் ‘வயர்லெஸ் ரிசீவர் ஃபார் விண்டோஸ்’ என்பதைக் கையால் தேர்ந்தெடுங்கள். எச்சரிக்கை ஒன்று வரும், ‘எஸ்’ கொடுங்கள். அவ்வளவுதான், இறக்க வேண்டியது எதுவுமில்லை.

மலிவான கேம்பேடுகளோடு உள்ளங்கை அளவு சிடி ஒன்று வரும். பல மடிக்கணினிகளில் அதைப் போட இடமே இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். அந்தச் சிடியில் இருப்பது பெரும்பாலும் அதிர்வுக்கான டிரைவர் மட்டுமே. பொத்தான்களும் குச்சிகளும் அது இல்லாமலே வேலை செய்யும்.

ஆட்டத்துக்குத் தெரியவில்லையா?

விண்டோஸில் எல்லா வட்டமும் ஒளிர்கிறது, ஆட்டத்தைத் திறந்தால் ஒன்றும் நகரவில்லை. அதிகமான குழப்பம் இங்கேதான். கன்ட்ரோலரிடமிருந்து ஆட்டம் தகவலை வாங்க விண்டோஸில் முக்கியமாக இரண்டு வழிகள் இருப்பதே இதற்குக் காரணம்.

பழைய வழி டைரக்ட்இன்புட். எத்தனை பொத்தான், எத்தனை அச்சு (குச்சியோ டிரிக்கரோ அசையும் திசை) வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற தாராளம் அதில் உண்டு. ஆனால் மூன்றாம் எண் பொத்தான் எது, எட்டாம் எண் எது என்று ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் வேறுபடும். புதிய வழி எக்ஸ்இன்புட். 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இன் கன்ட்ரோலரை வைத்து மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. ஏ, பி, எக்ஸ், ஒய், இரண்டு குச்சி, இரண்டு டிரிக்கர் என்ற ஒரே அமைப்பு, ஒரே நேரத்தில் நான்கு கன்ட்ரோலர் வரைதான். அந்த ஒழுங்கு பிடித்துப்போய், பிறகு வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை எக்ஸ்இன்புட்டை மட்டுமே கேட்கத் தொடங்கின. ஆகவே பழைய முறைக் கன்ட்ரோலரைப் புதிய ஆட்டம் கண்டுகொள்ளாது. புதிய முறைக் கன்ட்ரோலரைப் பழைய ஆட்டம் கண்டுகொள்ளும், ஆனால் தாறுமாறாக.

தாறுமாறு எப்படி இருக்கும் என்று பார்க்க ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் போதும். இன்றும் சுமாரான மடிக்கணினியிலும் ஓடும் ஆட்டம் அது. எக்ஸ்பாக்ஸ் வகைக் கன்ட்ரோலரை இணைத்தால் நடப்பது சரியாக இருக்கும், வலது குச்சியில் கேமரா குழம்பும். வலது குச்சிக்கு அந்த ஆட்டம் எதிர்பார்க்கும் அச்சு ஒன்று, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் தருவது இன்னொன்று. எதிர்பார்த்த அச்சில் டிரிக்கர்கள் உட்கார்ந்திருக்கின்றன. எந்த டிரைவரை மாற்றினாலும் இது தீராது. சைலன்ட் என்ற பெயரில் எழுதும் நிரலாளர் உருவாக்கிய ஜிஇன்புட் என்ற இலவச மாட் ஆட்டத்துக்குள்ளேயே எக்ஸ்இன்புட்டைச் சேர்த்துவிடுகிறது. அதைப் போட்டால் தீரும்.

எதிர்த்திசைச் சிக்கலுக்கு, அதாவது பழைய முறைக் கன்ட்ரோலர், புதிய ஆட்டம் என்றால், முதலில் கன்ட்ரோலரையே பாருங்கள். இந்தியாவில் விற்கும் கேம்பேடுகள் பலவற்றில் இரண்டு முறைகளும் உண்டு. நடுவிலுள்ள ஹோம் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் விளக்குகளின் வரிசை மாறும், முறையும் மாறும். சிலவற்றில் அடியில் சிறு சுவிட்ச் இருக்கும். கவனக்குறைவாகக் கைபட்டு முறை மாறிப்போன கன்ட்ரோலரை “நேத்துவரை ஓடிச்சு, இன்னிக்கு ஓடலை” என்று கொண்டுவருவதும் இதனால்தான். முறை மாற்றும் வசதியே இல்லாத பழைய கேம்பேடுக்கு எக்ஸ்360சிஇ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தப் பொத்தான் ஏ, எந்தப் பொத்தான் பி என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தால், ஆட்டத்தின் கண்ணுக்கு அது எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலராகத் தெரியும்.

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்கள்

பிளேஸ்டேஷன் 3-இன் டூயல்ஷாக் 3-ஐச் செருகினால் நான்கு சிவப்பு விளக்குகளும் விடாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் பட்டியலில் பெயர்கூட வரலாம், பொத்தான் எதுவும் வேலை செய்யாது. தகவல் அனுப்பத் தொடங்கும்படி கன்சோல் ஒரு கட்டளை கொடுக்கும்வரை அந்தக் கன்ட்ரோலர் காத்திருக்கும். விண்டோஸ் அந்தக் கட்டளையைக் கொடுப்பதில்லை. டிரைவர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் இது. விண்டோஸ் 10, 11-க்கு டிஎஸ்ஹிட்மினி என்ற இலவச டிரைவர் போடுங்கள். பழைய வீடியோக்களில் காட்டும் எஸ்சிபி டூல்கிட்டை இன்று புதிதாக நிறுவாதீர்கள். அதைப் பராமரிப்பவர் யாரும் இல்லை. புளூடூத் டாங்கிளையும் அது தனக்கென்று எடுத்துக்கொள்வதால் ஹெட்போன், மவுஸ் எதுவும் அந்த டாங்கிளில் இணையாமல் போகும்.

பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4-உம் பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸும் விண்டோஸுக்குத் தெரியும். ஆனால் டைரக்ட்இன்புட் வழியாக. எக்ஸ்இன்புட் கேட்கும் ஆட்டத்துக்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஆட்டங்கள் வாங்கும் ஸ்டீம் மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதிலேயே ‘செட்டிங்ஸ்’, ‘கன்ட்ரோலர்’ என்று போய்ப் பிளேஸ்டேஷன் ஆதரவை இயக்கினால் போதும். வேறிடத்தில் வாங்கிய ஆட்டத்தையும் ‘ஆட் எ நான்-ஸ்டீம் கேம்’ வழியாகச் சேர்க்கலாம். 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8-க்கு ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. அரசு மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்டீம் இல்லாதவர்களுக்கு டிஎஸ்4விண்டோஸ் இருக்கிறது. அது விஜெம்பஸ் என்ற டிரைவரின் மேல் நிற்கிறது. அந்த டிரைவரை உருவாக்கியவர் 2023-இல் பணியை முடித்துக்கொண்டார் என்றாலும் கடைசிப் பதிப்பு விண்டோஸ் 10, 11-இல் நன்றாகவே ஓடுகிறது.

ஒரு முறை அழுத்தினால் மெனு இரண்டு படி தாண்டுகிறதா? ஆட்டம் அசல் கன்ட்ரோலரையும் மொழிபெயர்த்த கன்ட்ரோலரையும் சேர்த்துப் படிக்கிறது. ஸ்டீம், டிஎஸ்4விண்டோஸ் இரண்டும் ஒன்றாக ஓடினால் ஒன்றை நிறுத்துங்கள். பிறகும் தொடர்ந்தால் ஹிட்ஹைடு என்ற சிறு மென்பொருளால் அசலை ஆட்டத்திடமிருந்து மறைக்கலாம்.

புளூடூத்தில் இணைக்க, டூயல்ஷாக் 4-இல் ஷேர் பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும், டூயல்சென்ஸில் கிரியேட் பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும் விளக்கு வேகமாகத் துடிக்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். இணையவே இல்லையென்றால் டூயல்ஷாக் 4-இன் முதுகில், எல்2 பக்கம், ஒரு சின்னத் துளை இருக்கிறது. கன்ட்ரோலர் அணைந்திருக்கும்போது குண்டூசியை அதற்குள் விட்டு ஐந்து விநாடி அழுத்துங்கள். பழைய கன்சோலின் நினைவு அழிந்துவிடும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்கள் எல்லாவற்றிலும் புளூடூத் கிடையாது. நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முகப்போடு ஒரே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. மேல்விளிம்பின் பளபளப்பான துண்டோடு சேர்ந்திருந்தால் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கடையிலேயே இதைப் பார்த்துவிடுங்கள்.

லினக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது. லினக்ஸில் எக்ஸ்பாக்ஸ் வகைக்கான டிரைவர் அதன் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. டூயல்சென்ஸுக்கான டிரைவரைச் சோனியே எழுதிக் கொடுக்க, அது 2021-இல் கெர்னலில் சேர்ந்தது. அதற்குப் பின் வந்த கெர்னலில் செருகினால் ஓடும். விண்டோஸில் சந்தேகமாக இருக்கும் கன்ட்ரோலரை லினக்ஸில் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. கேபிளும் போர்ட்டும் நல்லவையாக இருந்து, அங்கேயும் அசைவில்லை என்றால் பழுது பெரும்பாலும் கன்ட்ரோலருக்குள்தான்.

குச்சி தானாக நகர்ந்தால்

கையே படாமல் ஆள் ஒரு பக்கமாக நடந்துகொண்டிருந்தால் முன்சொன்ன சோதனைப் பெட்டியைத் திறங்கள். கூட்டல் குறி நடுவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கியோ நடுங்கியோ நிற்கும். குச்சிக்குக் கீழே பக்கவாட்டில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் உள்ளன. மெல்லிய கார்பன் தடத்தின்மேல் சிறு உலோக நாக்கு உராய்ந்து போய்வருகிறது. தடம் தேய்ந்தாலும் தூசு புகுந்தாலும் அளவு தப்பும். தறி ஓடும் வீட்டில் நூல் பிசிறு காற்றிலேயே மிதக்கும். கன்ட்ரோலரைத் தறிக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல் துணி உறையில் போட்டு வைக்கும் பழக்கம் குச்சியின் ஆயுளைக் கூட்டும்.

சோதனைப் பெட்டியிலுள்ள ‘கேலிப்ரேட்’ இதைத் தீர்க்கும் என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அந்தத் திருத்தம் டைரக்ட்இன்புட் ஆட்டங்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். எக்ஸ்இன்புட் ஆட்டங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. முன்பு யாராவது தவறாகக் கேலிப்ரேட் செய்திருந்தால் ‘ரீசெட் டு டீஃபால்ட்’ கொடுத்துவிடுங்கள்.

தூசுதான் என்றால், கன்ட்ரோலரை அணைத்து, மொபைல் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஒன்றிரண்டு துளி குச்சியின் அடியில் விட்டு, எல்லாப் பக்கமும் சுழற்றி, நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பழைய டூயல்ஷாக்கைத் திறக்கும்போது உள்ளே பேட்டரி உப்பியிருந்தால் குத்தாமல், அழுத்தாமல் எடுத்துவிட்டு வேறு பேட்டரி போடுங்கள். டூயல்ஷாக் 4-இன் சார்ஜ் சாக்கெட் தனிச் சிறு போர்டில் இருப்பதால், சாக்கெட் ஆடினால் அந்தப் போர்டை மட்டும் மாற்றலாம். சால்டரிங் தேவையில்லை.

தடம் தேய்ந்துவிட்டால் குச்சிப் பகுதியையே மாற்ற வேண்டும், அதற்குச் சால்டரிங் கை பழகியவர் தேவை. மாற்றுவதென்று முடிவானால் காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் குச்சி கிடைக்கிறதா என்று கேளுங்கள். அதில் உராயும் கார்பன் தடமே இல்லை. அதுவரை ஸ்டீமிலோ டிஎஸ்4விண்டோஸிலோ ‘டெட் ஸோன்’ அளவை, அதாவது கண்டுகொள்ளாமல் விடும் குச்சி அசைவின் அளவை, கூட்டிச் சமாளிக்கலாம். 5 சதவீதத்தில் தொடங்கி, ஆள் நடப்பது நிற்கும்வரை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றுங்கள். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் போனால் குச்சியின் நுணுக்கமான அசைவுகளும் சேர்ந்தே தொலையும்.